ஐஸ்லாந்து மருமகளுக்குப் பத்து வார்த்தை

சாப்பிடுங்கள் தம்பி, பக்கத்தில் ஒருத்தன் இருக்கிறானே என்று கூச்சப்பட வேண்டாம். மதுரையில்தான் பஸ் ஏறியிருக்கிறோம், தூத்துக்குடி போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும். பசிக்காதா? போனில் பேசியது வீட்டுக்காரம்மாதானே? ஒட்டுக் கேட்கவில்லை, பக்கத்து சீட்டில் இருந்தால் காதில் விழத்தானே செய்யும். புளிச்சோறு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள், நீங்கள் “ம்” என்றீர்கள். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் “ம்” என்றீர்கள். சரியான பதில். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? நானும் அப்படித்தான். நாற்பத்து நான்கு வருஷம் அப்படித்தான்.

என் மடியில் இருக்கிறதே தூக்குச்சட்டி, இதிலும் சோறுதான். மருமகள் கட்டிக் கொடுத்தது. காலையில் மகன் குடும்பத்தை விமானம் ஏற்றிவிட்டு வருகிறேன். இல்லை, இதை இங்கே தின்ன மாட்டேன். வீட்டில் போய், என் இடத்தில் உட்கார்ந்துதான் திறக்க வேண்டும். ஏன் என்று கேட்கிறீர்களா? கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது, சிரிப்பான்கள். நீங்கள் இறங்கிப் போய்விடுவீர்கள்.

என் பேர் மாசானமுத்து. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் பிளாண்டில் நாற்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஐஸ் பிளாண்ட் பார்த்திருக்கிறீர்களா? நீளமான தகரப் பெட்டியில் தண்ணீர் ஊற்றி உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடுவோம். மறுநாள் தூக்கிக் கவிழ்த்தால் ஆள் உயரத்துக்கு ஒரு கட்டி வழுக்கிக்கொண்டு வரும். அதைக் கொக்கியால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பது என் வேலை. சத்தத்திலேயே தெரிந்துவிடும். உள்ளே பொக்கு, காற்று நின்ற ஓட்டை என்றால் “கழிவு!” என்று கத்துவேன். நல்ல கட்டி என்றால் கத்த மாட்டேன். அது பாட்டுக்குச் சரிவில் இறங்கிப் படகுக்குப் போய்விடும். நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு கட்டியைப் பார்த்து, நீ நல்ல கட்டி என்று யாரும் சொன்னது கிடையாது. சொல்லாவிட்டால் நல்லது என்று அர்த்தம். வேலை பார்க்கிறவனுக்கு இது புரியும்.

“ஐஸ் பிளாண்டுல இருக்கீரு, யாருக்காச்சும் ஒரு நாளாவது ஐஸ் வச்சிருக்கீராவே?” என்று டீக்கடையில் கேலி பேசுவான்கள். வைத்ததில்லை. முதலாளிக்கே வைத்ததில்லை. அதனால்தான் எனக்குப் பின்னால் வந்த சொரிமுத்து மேஸ்திரி ஆனான், நான் கொக்கியோடு நின்றேன். அதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. அவன் செத்த வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

வீட்டிலும் அதே சட்டம்தான். குழம்பில் உப்புக் கூடினால் சொல்வேன். ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் சரி. என் வீட்டுக்காரி முப்பிடாதிக்கு இது கல்யாணமான முதல் வாரத்திலேயே தெரியும். நான் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன், அவள் அடுப்படி வாசலுக்கு உள்ளே நிற்பாள். கையில் குழம்புக் கரண்டி இருக்கும். என் முகத்தைப் பார்க்க மாட்டாள், என் கையைத்தான் பார்ப்பாள். நான் சாப்பிட்டு எழுந்ததும் கரண்டியைச் சட்டியில் போடுவாள். ‘டங்’ என்று ஒரு சத்தம். அதோடு சாப்பாடு முடிந்தது. தினமும் அந்தச் சத்தம் உண்டு. நான் அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. மழைக்காலத்தில் மழை பெய்கிற மாதிரி, அது பாட்டுக்கு ஒரு சத்தம்.

எங்களுக்கு ஒரே பையன், லிங்கதுரை. ஐஸ் மெஷின் படிப்புத்தான் அவனும் படித்தான். கப்பலில் போனான், அங்கே இங்கே சுற்றி, ஐஸ்லாந்து என்று ஒரு தேசத்தில் மீன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். பேரைப் பாருங்கள். அப்பன் உடைத்தது போதாது என்று மகன் அந்த ஊருக்கே போய்விட்டான். போனவன் சும்மா இருந்தானா? அங்கேயே சிக்ரூன் என்று ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். கட்டி ஒரு மாதம் கழித்து எனக்குச் சேதி வருகிறது, அதுவும் முப்பிடாதி வாய் வழியாக. அவளுக்கு முதலிலேயே தெரியுமாம். நான் எட்டு மாதம் அவனோடு பேசவில்லை. அவன்தான் இறங்கி வந்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கைக்குழந்தையோடு அந்தப் பெண் இங்கே வந்தது. பன்னிரண்டு நாள் இருந்தது. தினமும் அடுப்படியில் முப்பிடாதியோடு நின்று எதையாவது செய்து, என் தட்டில் கொண்டுவந்து வைக்கும். வைத்துவிட்டு முன்னால் நிற்கும். நான் சாப்பிடுவேன். சாப்பிட்டு எழுந்து போவேன். கடைசி நாள் கார் ஏறும்போது அந்தப் பெண் அழுதது. எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஒரு குறை சொல்லியிருப்பேனா அவளை? ஒரு குறை சொல்லவில்லை தம்பி!

அதற்குப் பிறகு முப்பிடாதிக்கும் அவளுக்கும் தினமும் சாயங்காலம் வீடியோ போன். அடுப்படிக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொள்வாள். இவளுக்கு அந்தப் பாஷை தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு மணி நேரம் சிரிப்பும் பேச்சும். நான் தண்ணீர் கேட்டுக் குரல் கொடுத்தால் சட்டென்று நிறுத்திவிடுவாள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். பின்னே? நிறுத்துவானேன்? மருமகளிடம் என்னைக் கரித்துக் கொட்டுகிறாள் என்று மனதில் குறித்து வைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. நான் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

போன தை மாதம் முப்பிடாதி போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் ஆஸ்பத்திரி, ஐந்தாம் நாள் இல்லை. லிங்கதுரை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொள்ளி நான்தான் வைத்தேன். மகன் இருக்கும்போது புருஷன் கொள்ளி வைத்தான். இதையும் நான் மறக்கப் போவதில்லை.

இந்த மார்கழியில் அவன் போன் பண்ணினான்.

“யப்பா, அம்மாவுக்கு வருஷம் திரும்புது. திவசத்துக்கு நாங்க மூணு பேரும் வாறோம்.”

“வாங்க” என்றேன்.

“ஒண்ணு சொல்லிருதேன். போன தடவ சிக்ரூன் பன்னெண்டு நாளு இருந்தா. நீங்க அவட்ட ஒரு நல்ல வார்த்தை சொல்லல. அவ இன்னமும் அதைச் சொல்லுதா. இந்தத் தடவையும் அப்படின்னா, நான் இனி அவளையும் பிள்ளையையும் கூட்டிட்டு வரமாட்டேன். நானும் வாறது கஷ்டந்தான்.”

“நான் என்னடே தப்பாப் பேசுனேன்?”

“பேசவே இல்லையேப்பா.” வைத்துவிட்டான்.

எழுபத்தொரு வயது எனக்கு. பேத்திக்கு நாலு வயது, பேர் லில்யா. போனில் பார்த்தால் முப்பிடாதியின் நெற்றி அப்படியே இருக்கிறது, வெள்ளைத் தோலில். இனி அந்த நெற்றி இந்த வீட்டு வாசலில் நுழையாது என்றால் எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? இதை அவனிடம் சொல்வேனா? நான் ஜெசிந்தா கடைக்குப் போனேன்.

எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறது அந்தப் பெண். நாற்பது வயதிருக்கும், வாய்த்துடுக்கு.

“ஏம்மா, ஐஸ்லாந்து பாஷையில எனக்குப் பத்து வார்த்தை வேணும்.”

“என்ன வார்த்தை அண்ணாச்சி?”

“நல்ல வார்த்தை. மருமகட்ட சொல்லுததுக்கு.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டது. “நீங்களா?”

“ஏன், எனக்கு வாய் இல்லையா?”

“இருக்கு இருக்கு. கரண்ட் பில்லுல ஒரு எழுத்துத் தப்புன்னா தெரு முழுக்கக் கேக்குமே. சரி, தமிழ்ல சொல்லுங்க. நான் இங்கிலீஷ்ல போட்டு, போன்ல அந்தப் பாஷைக்கு மாத்தித் தாரேன்.”

யோசித்தேன். ஐஸ் கட்டியைத் தட்டுகிற மாதிரி மண்டைக்குள் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

“பரவாயில்ல” என்றேன்.

“அடுத்தது?”

“குறை ஒண்ணும் இல்ல.”

“அண்ணாச்சி, கோர்ட்டுல வாக்குமூலம் குடுக்கிற மாதிரி இருக்கு. மருமகட்டயா இப்படிச் சொல்லுவாங்க? இருங்க, இங்கிலீஷ்காரன் நாளு பூரா சொல்லுவாம்லா, அதை எடுப்போம். நைஸ், ஸ்வீட், லவ்லி, ப்ளசன்ட்.”

“லவ்லின்னா?”

“ஒருத்தவங்க நல்ல சேலை ஒண்ணைக் கட்டிட்டு உங்க முன்னால வந்து நிக்காங்கன்னு வைங்க. பாத்ததும் மனசுக்குள்ள ஒண்ணு வரும்லா, அதைச் சொல்லுத வார்த்தை.”

எனக்கு லிங்கதுரை முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய கிளிப்பச்சைச் சேலை ஞாபகம் வந்தது. முப்பிடாதி அதைக் கட்டிக்கொண்டு கூடத்தில் வந்து நின்றாள். ஃபேனுக்கு நேராக நின்றாள். “காத்தை மறைக்காத” என்றேன். வேறென்ன சொல்ல? காற்றை மறைத்தாள்தானே?

“ப்ளசன்ட்?”

“அது வந்து... வெயில்ல அலைஞ்சிட்டு வாறிய. உள்ள நுழைஞ்சதும் யாராவது மோர் கொண்டாந்து தாராங்க. அது தொண்டையில இறங்கும்போது ஒரு இதம் இருக்கும்லா?”

“மோருல பெருங்காயம் போட்டா எனக்குப் பிடிக்காது.”

ஜெசிந்தா என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. பிறகு போனைத் தட்டியது. போனுக்குள் இருந்து ஒரு பெண் குரல் அந்தப் பாஷையில் சொன்னது. ஜெசிந்தா அதைத் தமிழ் எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தது. இதோ, சட்டைப் பையில்தான் இருக்கிறது பாருங்கள். லவ்லிக்கு ‘இன்டிஸ்லெக்ட்’. இதமாக இருக்கிறது என்பதற்கு ‘நோத்தாலெக்ட்’. அழகு ‘ஃபத்லெக்ட்’. ஸ்வீட்டுக்கு ‘சைத்’. சாப்பாடு ருசி என்பதற்கு ‘ல்யூஃபெங்ட்’. இப்படிப் பத்து. சொல்லிப் பார்த்தால் வாயில் வெந்நீரை வைத்துக் கொப்பளிக்கிற மாதிரி இருக்கும்.

“தினமும் சாப்பிடும்போது சொல்லிச் சொல்லிப் பழகுங்க அண்ணாச்சி. அப்பத்தான் அன்னைக்கு நாக்கு புரளும்” என்றது.

அங்கேதான் வினை வந்தது.

மறுநாள் மத்தியானம் மெஸ் சாப்பாடு வாங்கிவந்து கூடத்தில் என் இடத்தில் உட்கார்ந்தேன். அட்டையைப் பக்கத்தில் வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “ல்யூஃபெங்ட்” என்றேன்.

அடுப்படிக்குள் ‘டங்’.

பூனை என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். ஜன்னல் சாத்தியிருக்கிறது. சட்டி கவிழ்த்து வைத்தபடி இருக்கிறது. கரண்டி ஆணியில் தொங்குகிறது. வருஷமாக அங்கே அடுப்பு எரியவில்லை தம்பி, எலி வருவதற்குக்கூட ஒன்றும் கிடையாது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். “இன்டிஸ்லெக்ட்” என்றேன். சத்தம் இல்லை. சரி, பிரமை. சாப்பிட்டு முடித்து எழுந்தேன். ‘டங்’.

அது அவள் கரண்டி போடுகிற சத்தம்தான். ஐஸ் கட்டியைச் சத்தத்தில் பிரிக்கத் தெரிந்தவன் நான். எந்தச் சத்தம் எதனுடையது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மறுநாளும் கேட்டது. அதற்கு அடுத்த நாளும் கேட்டது. பட்டப்பகல், பன்னிரண்டரை மணி, தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போகிறாள், என் வீட்டுக்குள் செத்தவள் கரண்டி போடுகிறாள். அந்த வார்த்தைகளைச் சொன்னால்தான் வரும். சொல்லாமல் சாப்பிட்டால் வராது. அடுப்படிக் கதவை இழுத்துச் சாத்தினேன். கேட்டது. கரண்டியை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். அன்றைக்கும் கேட்டது, பீரோவுக்குள் இருந்து இல்லை, அடுப்படிக்குள் இருந்தே.

எனக்குப் பயம் இல்லை. கோபம்தான். கதவுக்கு முன்னால் நின்று கேட்டேன்.

“ஏ முப்பிடாதி, உனக்கு நான் என்ன குறை வச்சேன்? குடிச்சேனா, கை நீட்டுனேனா? உன் மருமகட்ட சொல்லத்தானே படிக்கேன். அதும் உனக்குப் பொறுக்கலையா?”

 வார்த்தை சொன்னால் மட்டும் ‘டங்’. பழிப்புக் காட்டுகிறாள் என்றே நினைத்தேன். நாற்பத்து நான்கு வருஷம் என்னிடம் ஒரு கேள்வி கேட்காதவள், செத்த பிறகு கேட்கிறாள் பாருங்கள். ஆனாலும் நான் விடவில்லை. இருபது நாள் படித்தேன். அவள் கரண்டி போடப் போட, நான் சொல்லச் சொல்ல. யார் பிடிவாதம் பெரியது என்று பார்த்துவிடலாம் என்று.

அவர்கள் வந்தார்கள். அந்தப் பெண் கிளிப்பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கியது. முப்பிடாதி கொடுத்துவிட்டிருக்கிறாள், எனக்குத் தெரியாது. “வணக்கம் மாமா” என்றது. அட்டை பையில் இருக்கிறது, பத்து வார்த்தையும் தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. “ம்” என்றேன். லிங்கதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்றாம் நாள் திவசம். எங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்போம். படைக்கிற வரைக்கும் யாரும் உப்புப் பார்க்கக் கூடாது. சமைக்கிறவள்கூட நாக்கில் வைக்கக் கூடாது. முதல் ருசி செத்தவர்களுக்குத்தான்.

“அம்மாவுக்கு என்னப்பா பிடிக்கும்?” என்று கேட்டான் லிங்கதுரை.

“மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு” என்றேன். யோசிக்கவே இல்லை.

“அது உங்களுக்குப் பிடிச்சதுல்லா?”

சிக்ரூன் குறுக்கே அவனிடம் ஏதோ சொன்னது. “பனங்கிழங்காம்பா. அவிச்ச பனங்கிழங்கு. அம்மா இவட்ட சொல்லியிருக்கா.”

எனக்குப் பனங்கிழங்கு வாடை ஆகாது. அதனால் வீட்டில் அவிப்பதே கிடையாது. பிடிக்கும் என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா? என்னிடம் சொல்லாமல் எங்கேயோ பனிக்கட்டிக்குள் இருக்கிறவளிடம் சொல்லியிருக்கிறாள். சரி, இரண்டையும் செய்யச் சொன்னேன். சிக்ரூன்தான் செய்தது. நெத்திலியை ஆய்ந்தது, மாங்காயை நறுக்கியது, முப்பிடாதி நறுக்குகிற மாதிரியே தோலோடு பெரிசு பெரிசாக.

இலை போட்டுப் படைத்துக் கற்பூரம் காட்டி, செத்தவள் வந்து சாப்பிடக் கதவைச் சாத்திவிட்டு வெளியில் நின்றோம். பிறகு திறந்து நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். எனக்குத்தான் முதல் இலை. சிக்ரூன் குழம்பை ஊற்றிவிட்டுச் சட்டியையும் அங்கேயே வைத்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு என் எதிரே நின்றது. லிங்கதுரை அதற்குப் பக்கத்தில். அடுப்படிக்குள் யாரும் இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, அடுப்படிக்குள் ஒரு ஆள் கிடையாது. சட்டியும் என் முன்னால்.

சாப்பிட்டேன். குழம்பு முப்பிடாதி வைத்த குழம்புதான். உப்பு, புளிப்பு, அந்தக் காரம், ஒன்றும் மாறவில்லை. இரண்டாம் வாயில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். நாக்கு எழும்பவில்லை. நாற்பத்து நான்கு வருஷ நாக்கு, இருபது நாள் படிப்புக்கு அசையுமா? சாப்பிட்டு முடித்தேன். இலையை மடித்தேன். அந்தப் பெண்ணின் கண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. லிங்கதுரை பெருமூச்சு விட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகத் திரும்பினான். முடிந்தது, இனி வரமாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வார்த்தை ஒன்றுகூடச் சொல்லாமலே எழுந்தேன்.

‘டங்’.

“ல்யூஃபெங்ட்” என்றேன்.

யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அடுப்படி வாசலைப் பார்த்துச் சொன்னேன். ஒரு தடவை வாய் திறந்ததும் மற்றதும் வந்துவிட்டது. நோத்தாலெக்ட் என்றேன், இன்டிஸ்லெக்ட் என்றேன், ஃபத்லெக்ட் என்றேன். பத்தையும் கொட்டிவிட்டேன். சிக்ரூன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது, சிரித்தது. அதன் பாஷையில் படபடவென்று என்னவோ சொன்னது. லிங்கதுரை நின்ற இடத்திலேயே நின்றான்.

“இவ என்ன சொல்லுதா?” என்று கேட்டேன்.

“அம்மா... அம்மா இந்த வார்த்தையெல்லாம் இவட்டதான் கேட்டு எழுதிக்கிட்டாளாம், மொழி மாத்துத வசதியை வச்சி. போன்ல. உங்க மாமா தினமும் சாப்பிட்டுட்டு எங்கிட்ட இப்படிச் சொல்லுவாரு, சேலை கட்டினா இப்படிச் சொல்லுவாரு, இதெல்லாம் உங்க பாஷையில எப்படின்னு. ஒவ்வொண்ணாக் கேப்பாளாம். ஆள் இருந்தா மட்டும் அவருக்கு வெக்கம், சொல்லமாட்டாருன்னு சொல்லுவாளாம். இவ அதை நம்பாம, எல்லாருட்டயும் சொல்லுவாரு, என்னையத்தான் பிடிக்கலன்னு நெனச்சிருக்கா. அதான் அன்னைக்கு அழுததை இன்னமும் சொல்லிட்டு இருந்தா.”

சிக்ரூன் என் கையைப் பிடித்து அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போனது. அந்தக் கதவு உள்பக்கமாகத் திறந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சுவரிலிருந்து இழுத்துக் காட்டியது, முப்பிடாதி போனில் காட்டிய இடமாம். கதவின் பின்பக்கம் முழுக்க எறும்புச் சாக்பீஸால் எழுதியிருந்தது. முப்பிடாதி கையெழுத்து. அவள் ஐந்தாம் வகுப்பு, என்னைவிட இரண்டு வகுப்பு அதிகம்.

எழுத்துக் கூட்டி வாசித்தேன். இன்டிஸ்லெக்ட், பச்சைச் சேலை கட்டின அன்னைக்கு. நோத்தாலெக்ட், மோர் குடிச்சிட்டு. ஃபத்லெக்ட், லிங்கதுரை பிறந்தப்ப ஆஸ்பத்திரியில என்னைப் பாத்து. ல்யூஃபெங்ட், நெத்திலிக் குழம்பு, தினமும். கடைசியில், சைத். அதற்கு நேரே, சும்மா இருக்கும்போது.

அவ்வளவும் பொய் தம்பி. ஒன்றுகூட நான் சொன்னதில்லை. மோர் குடித்துவிட்டு நான் சொன்னது, காயம் ஏன் போட்டாய் என்பதுதான். ஒரு மனுஷனைப் பற்றி இப்படியா தேசம் விட்டு தேசம் பொய் சொல்வது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டாமா?

சிக்ரூன் என் முகத்தைப் பார்த்தது. தமிழில் ஒரே ஒரு சொல் கேட்டது. “நெஜமா?”

எனக்கு அட்டையின் கதை தெரியும், கதவின் பொய் தெரியும், இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண்ணின் கண். பின்னால் லிங்கதுரை நிற்கிறான். இருபது வருஷம் அந்தக் கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் அவன். அவனுக்குத் தெரியாதா?

“ஆமா” என்றேன். “ஆள் இருந்தா சொல்லமாட்டேன். தனியா இருக்கும்போது சொல்லுவேன்.”

லிங்கதுரை என்னை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம்.

“சத்தம் கேட்டுச்சாடே உனக்கு?” என்று பிறகு தனியாகக் கேட்டேன். “என்ன சத்தம்?” என்றான். அதோடு விட்டுவிட்டேன்.

இன்று காலையில் விமான நிலையத்தில் அவனே சொன்னான், அடுத்த தைக்கும் வருகிறோம் என்று. பிள்ளை என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனது. சிக்ரூன் இந்தத் தூக்குச்சட்டியைக் கொடுத்தது. நெத்திலிக் குழம்பு, அடியில் இரண்டு பனங்கிழங்கு. எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. உட்கார்ந்திருக்கிறேன் அல்லவா, சந்தோஷமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. திவசத்தன்று கேட்டதுதான் கடைசி. அதற்குப் பிறகு ‘டங்’ கேட்கவில்லை. ஒன்பது நாள் ஆகிவிட்டது. கரண்டியைப் பீரோவிலிருந்து எடுத்துப் பழைய ஆணியிலேயே மாட்டிவைத்தேன். ஒவ்வொரு வேளையும் அடுப்படியைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். பத்து வார்த்தையும் சொன்னேன். சிக்ரூன் தனக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்படும், படட்டும். நேற்று யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தமிழிலும் சொல்லிப் பார்த்தேன். “முப்பிடாதி, குழம்பு நல்லா இருக்கு” என்று. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. அவ்வளவுதான்.

கோபம் தீர்ந்து போய்விட்டாளோ? இல்லை, இவர்களோடு விமானம் ஏறிவிட்டாளோ? போனால் போகிறாள், அங்கே பிழைத்துக்கொள்வாள், பாஷைதான் தெரியுமே. ஒருவேளை வீட்டிலேயேதான் இருந்துகொண்டு, வேண்டுமென்றே சும்மா இருக்கிறாளோ? அதற்குத்தான் இந்தச் சட்டியை வீட்டில் போய்த் திறக்கிறேன் என்கிறேன். இன்றைக்கு வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். பனங்கிழங்கு வாடைக்காவது வருகிறாளா பார்க்கிறேன்.

நீங்களே சொல்லுங்கள் தம்பி. ஒரு மனுஷன் வேளை தவறாமல் உட்கார்ந்து, மனதில் இருப்பதைச் சொல்கிறான். சொல்லிவிட்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறான். அங்கே இருந்து ஒரு சத்தம் வராவிட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பதிலுக்கு ஏதாவது சொன்னால் என்ன குறைந்துவிடும்? இது நியாயமா?

என்ன தம்பி, வெறும் ‘ம்’தானா?